கை தவறாத டியூட்டி: வடசென்னை வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரியில், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை இருக்கும் தனியார் நர்சிங் ஹோம்களில் என்று எங்கே முதல் வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் வாரத்தில் சீனியர்கள் சொல்வது ஒன்றுதான்: "பொறுமையா இரும்மா, போகப் போகப் பழகிடும்." பழகும், உண்மைதான். ஆனால் அவசரத்தில் எடுக்கும் குறுக்குவழியும் கூடவே பழகிவிடும். பேர் கேட்காமல் ஊசி போடுவது, பார்க்காத பி.பி.யைச் சார்ட்டில் நிரப்புவது, அட்டெண்டரிடம் (நோயாளியோடு துணைக்கு இருப்பவரிடம்) எரிந்து விழுவது எல்லாம் அப்படி வந்து ஒட்டிக்கொள்பவைதான். முதல் ஆறு மாதத்தில் எது கைக்குப் பழகுகிறதோ, அதுதான் பல வருடத்துக்கு நிற்கும். அதனால் என்ன பழக வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

அழுத்தம் எந்த வழியாக வேலையைக் கெடுக்கிறது

வேலை அழுத்தம் என்றால் மனசு கஷ்டப்படுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். வார்டில் அது முதலில் நினைவாற்றலில்தான் கை வைக்கும். ட்ரிப் மாற்றப் போகிறீர்கள். வழியில் 12-ம் பெட் அட்டெண்டர் பெட்பேன் கேட்கிறார், டியூட்டி டாக்டர் 4-ம் பெட் ரிப்போர்ட் கேட்கிறார், போன் அடிக்கிறது. திரும்பி வரும்போது கையில் இருக்கும் பாட்டில் யாருக்கென்று ஒரு நொடி புரியாது. அந்த ஒரு நொடிதான் ஆபத்து. சிட்னியில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் 98 நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைக் கூடவே இருந்து கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து கொடுக்கும்போது குறுக்கே வரும் ஒவ்வொரு இடையூறோடும் தவறுகள் சுமார் 12% கூடியிருந்தன. அங்கேயே அப்படி என்றால், விசிட்டர் நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நிற்கும் நம் வார்டுகளைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு காரணம் உங்கள் மேல் குற்றமே இல்லாதது. 1979-ல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்ன கணக்கு இன்றைக்கும் பொருந்தும்: வேலைச் சுமை அதிகம், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் மனிதர் சீக்கிரம் உடைகிறார். புதிய ஸ்டாஃப் நர்ஸின் நிலைமை அச்சு அசல் இதுதான். எந்த ஷிஃப்ட், எத்தனை பெட், எப்போது சாப்பாடு, எதுவும் உங்கள் கையில் இல்லை. அதனால் உங்கள் கைக்குள் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களை இறுக்கிப் பிடிப்பதில் பெரிய பலன் உண்டு. கீழே வருபவை எல்லாம் அந்த வகைதான்.

சுயகட்டுப்பாடு பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது டாங்க் தண்ணீர் மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துவிடும் என்று 1998-ல் வந்த ஒரு சோதனையை வைத்துப் பல வருடம் பேசினார்கள். 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட எதுவுமே தெரியவில்லை. ஆகவே "காலையிலேயே என் பொறுமை தீர்ந்துபோச்சு, இனி என்ன நடந்தாலும் நான் பொறுப்பில்லை" என்பதை நம்பிவிடாதீர்கள். நல்ல சுயகட்டுப்பாடு உள்ளவர்களைப் பார்த்தால், அவர்கள் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதில்லை. பழக்கத்தாலும் முன்னேற்பாட்டாலும், பல்லைக் கடிக்க வேண்டிய இடங்களையே குறைத்து வைத்திருக்கிறார்கள்.

படி 1: ஓவர் எடுக்கும் 15 நிமிடம்

ஓவர் என்பது முந்தின ஷிஃப்ட் நர்ஸிடமிருந்து நோயாளிகளின் பொறுப்பை வாங்கிக்கொள்வது. அதற்காக டியூட்டி நேரத்துக்கு 15 நிமிடம் முன்னதாக வார்டில் இருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. திருவொற்றியூர், காலடிப்பேட்டை பக்கத்திலிருந்து வருபவர்கள் அதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. மூச்சிரைக்க ஓடி வந்து ஓவர் எடுப்பவருக்குப் பாதி விஷயம் காதில் விழாது.

நர்சிங் ஸ்டேஷன் மேஜையில் உட்கார்ந்து ஓவர் எடுக்காதீர்கள். கட்டிலுக்குக் கட்டில் நடந்து எடுங்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் ஆறு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள்: ஐ.வி. போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, ஓடும் ட்ரிப் எது, எவ்வளவு மிச்சம், யூரின் பையில் எவ்வளவு, மூச்சு எப்படி, கேஸ் ஷீட்டில் கடைசியாக எழுதிய ஆர்டர் கொடுக்கப்பட்டதா. "எல்லாம் நார்மல்" என்று ஓவர் கொடுப்பவர் சொன்னால், கோபப்படாமல் "அக்கா, கடைசி பி.பி. எத்தனை மணிக்கு, எவ்வளவு?" என்று எண்ணைக் கேளுங்கள். எண் வராவிட்டால் நீங்களே உடனே ஒருமுறை பாருங்கள்.

படி 2: பாக்கெட் தாள்

ஏ4 தாளை நான்காக மடித்தால் யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும். இடப்பக்கம் பெட் நம்பர், மேலே மணி நேரம், கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. செய்ததும் ஒரு டிக். அவ்வளவுதான். தலையில் வைத்திருப்பதை எல்லாம் தாளில் இறக்கி வைத்துவிட்டால், நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்கலாம். நோயாளியின் பெயரும் நோயும் அந்தத் தாளில் வேண்டாம், பெட் நம்பர் போதும். டியூட்டி முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் ட்ரிப் கணக்கை எழுதி வையுங்கள். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கவரில் அச்சிட்ட சாதாரண ஐ.வி. செட்டில் 500 மில்லி பாட்டில் 8 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு, 6 மணி நேரத்துக்கு 28, 4 மணி நேரத்துக்கு 42. மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு, அதற்குக் கணக்கே வேறு, கவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் தெரியாத கணக்கில்லை. ஆனால் விடியற்காலை 4 மணிக்கு, மூன்று பேர் கூப்பிடும்போது, தெரிந்த கணக்கும் தப்பாக வரும்.

படி 3: மருந்து ட்ரே கையில் இருக்கும்போது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ட்ரே கையில் இருக்கும்வரை வேறு எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள். "அம்மா, மருந்து கொடுத்துட்டு இருக்கேன், 10 நிமிஷத்துல வர்றேன்." "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்பே சொல்லி வைத்துக்கொள்வது, "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. இதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் தெளிவாகக் காட்டினார். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும்.

அழுத்தத்தில் கை எங்கே தவறும் என்பதற்கு இன்சுலின் நல்ல உதாரணம். நம்மிடம் இரண்டு வகை வயல் (மருந்துக் குப்பி) புழங்குகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது, 100 யூனிட் இருப்பது. 40-க்கான சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு, 100-க்கானதற்கு ஆரஞ்சு. மதியம் 12:30, பத்து பேருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஊசி. அவசரத்தில் சிவப்பு மூடிச் சிரிஞ்சை எடுத்து 100 யூனிட் வயலில் இழுக்கிறீர்கள். 20-ம் கோடு வரை இழுத்தால் உள்ளே வந்திருப்பது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. நோயாளிக்கு வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறும். சாதாரண மயக்கம் என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. திறமை இல்லாததால் நடக்கும் தவறு இல்லை இது. கண் மூடியைப் பார்க்கிறது, மனசு அடுத்த பெட்டில் இருக்கிறது. அதனால் வயல் லேபிளில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். "நாப்பது, நாப்பது." உங்கள் காதில் விழ வேண்டும். பக்கத்தில் இன்னொரு சிஸ்டர் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இதைவிடக் கொடியது. 10 மில்லி ஆம்பூலில் 1.5 கிராம் இருக்கும். நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூலோடு ஒரே டப்பாவில் கிடந்தால் டியூட்டி தொடங்கியதும் பிரித்து வையுங்கள், இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லுங்கள்.

போனில் டாக்டர் ஆர்டர் சொன்னால் எழுதிவிட்டுத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். "சார், ஒன்று ஐந்தா, ஐந்து பூஜ்ஜியமா?" என்று இலக்கமாகக் கேளுங்கள். எரிச்சல் படுவார், படட்டும்.

படி 4: கோபம் வரும் இடங்கள்

வெளியூரிலிருந்து, விழுப்புரம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் முதல் மாதத்தில் அழுவது பெரும்பாலும் அட்டெண்டர்கள் பேசும் விதத்தால்தான். காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ பிறந்து வளர்ந்தவரின் சாதாரணக் குரலே உரக்கத்தான் இருக்கும். கடலிலும் மீன் ஏலத்திலும் பட்டறையிலும் பேசிப் பழகிய குரல் அது. "இன்னா சிஸ்டர், எவ்ளோ நேரமா கூப்ட்டுனுகீறேன்!" என்றால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம் இல்லை. "வா, போ" என்று ஒருமையில் பேசுவதும் பல நேரம் நெருக்கம்தான், அவமரியாதை இல்லை. இதைப் புரிந்துகொண்டாலே அடக்க வேண்டிய கோபத்தில் பாதி வராமலே போய்விடும். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு உள்ளே கொதிப்பது உடம்பைக் கெடுக்கும். எதிரே நிற்பவர் ஏன் கத்துகிறார் என்று தெரிந்துகொண்டு பேசினால் அத்தனை களைப்பு இருக்காது.

நிஜமாகவே கோபமாக இருப்பவரிடம் செய்ய வேண்டியது இது. உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள், முகத்தைப் பாருங்கள். ஒரு மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு முறை சொல்லி, விஷயத்தைச் சொல்லி, நேரத்தைச் சொல்லுங்கள்: "அண்ணா, அப்பாவுக்கு ட்ரிப் முடிஞ்சிருக்கு, பார்த்துட்டேன். இந்த ஊசியைப் போட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேன்." சொன்னபடி அஞ்சு நிமிடத்தில் போய்விட வேண்டும். போக முடியாவிட்டால், "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்ணா" என்று தூரத்திலிருந்தாவது சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் பெரிய சண்டைகள் பலவும் பதில் வராத காத்திருப்பில்தான் தொடங்குகின்றன. "ரூல்ஸ் தெரியாதா?", "நான் ஒரே ஆள்தான் இருக்கேன்" ஆகிய இரண்டும் வாயில் வரவே கூடாது. இரண்டாவது உண்மையாகவே இருந்தாலும், கேட்பவருக்கு அது "உங்க அப்பாவைப் பார்க்க ஆள் இல்லை" என்றுதான் விழும்.

கை ஓங்கினால், கூட்டமாக வந்து சூழ்ந்தால், பொறுமை காட்டும் வேலை அங்கேயே முடிந்தது. இரண்டு அடி பின்வாங்கி, கதவுப் பக்கம் நகர்ந்து, செக்யூரிட்டியையும் டியூட்டி டாக்டரையும் கூப்பிடுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டிக்க 2008-லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

சீனியர் திட்டும்போது அங்கேயே பதில் பேசாதீர்கள். எல்லோர் முன்னாலும் பேசும் பதில் யாருக்கும் நியாயமாகப் படாது. "சரிங்க சிஸ்டர், கரெக்ட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிந்து தனியாகப் போய், "எந்த இடத்துல தப்புனு சொல்லுங்க, கத்துக்கிறேன்" என்று கேளுங்கள். நியாயமில்லாத திட்டு திரும்பத் திரும்ப வந்தால் தேதி, நேரம், நடந்தது என்று எழுதி வைத்து நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் போங்கள். பாலியல் தொல்லை என்றால் அது வேறு வழி: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013-ம் வருடச் சட்டம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

படி 5: நைட் டியூட்டி

17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கைத்திறனும் கவனமும் ரத்தத்தில் 0.05% மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03%தான். காலை 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு நைட் டியூட்டிக்குப் போனால் இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகும் விடியும்வரை ஊசி போட வேண்டியிருக்கிறது.

அதனால் டியூட்டிக்கு முன் மதியம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். இரவு சாப்பாட்டை 9, 10 மணிக்குள் லேசாக முடியுங்கள். பிரியாணி வேண்டாம், இட்லி போதும். டீ, காபியை முதல் பாதி இரவில் குடியுங்கள். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், 4 மணிக்குக் குடித்த டீ 9 மணிக்கு உங்களைத் தூங்க விடாது. 3 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே இறங்கும் நேரம். அப்போது கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை இருவர் சேர்ந்து சரிபாருங்கள். முறை வைத்து 20 நிமிடம் கண்ணயர இன்சார்ஜ் அனுமதித்தால் நல்லது, எழுந்ததும் முகம் கழுவி 10, 15 நிமிடம் கழித்தே மருந்தைத் தொடுங்கள்.

டிசம்பர் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினால் உங்களை விடுவிக்க வர வேண்டியவர் வர மாட்டார், டியூட்டி நீளும். அப்படி நீண்டால் சார்ட் எழுதுவது, பி.பி. பார்ப்பது போன்ற வேலையை எடுத்துக்கொண்டு, மருந்து ட்ரேயைத் தூங்கி வந்தவரிடம் கொடுக்கும்படி கேளுங்கள். இதைக் கேட்பது சோம்பேறித்தனம் ஆகாது. வீடு திரும்ப டூவீலர் வேண்டவே வேண்டாம்.

பிறகு தூக்கம். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், 11 மணிக்கெல்லாம் அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் 8:30-க்குள் படுக்கையில் இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வாசலில் மீன்காரம்மா குரலை அமுக்க ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், போன் இன்னொருவர் கையில். வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில். லாரி எப்போது வரும், யார் குடம் தூக்குவது என்று முந்தின நாளே மாமியாரிடமோ கணவரிடமோ பேசி முடியுங்கள். "ஒரு மணி வரைக்கும் என்னை எழுப்பாதீங்க அத்தை" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், பத்து முறை முகம் சுளிக்க வேண்டியதில்லை.

தவறு நடந்துவிட்டால்

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கும். அந்த நிமிடத்தில் மறைக்கத் தோன்றும். உண்மையான சுயகட்டுப்பாடு தேவைப்படும் இடம் இதுதான். வரிசை இப்படி: நோயாளியைப் பாருங்கள், பி.பி., நாடி, மூச்சு, இன்சுலின் என்றால் சுகர். டியூட்டி டாக்டரிடம் உடனே, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். இன்சார்ஜிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எழுதியதைத் திருத்த வேண்டியிருந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும். மேலே மேலே கிறுக்கினால் செய்யாத குற்றமும் உங்கள் மேல் வரும்.

ஊசி உங்கள் விரலில் குத்திவிட்டால் பிழியாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், உடனே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். "டியூட்டி முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை.

உங்களால் தீர்க்க முடியாதது

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் 5-க்கு ஒருவர், லீவுக்காக 30% கூடுதல் ஆள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. 40 பெட்டுக்கு இரண்டு பேர் நிற்கும் இரவில் எந்தப் பொறுமையும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய நோயாளி எண்ணிக்கை, டியூட்டியில் இருந்தவர் எண்ணிக்கை, நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் போன மருந்து, மூன்றையும் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுங்கள். வாயால் புலம்பியதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், வார்டு வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்து, நோயாளி இறந்தாலும் ஒன்றும் தோன்றாமல் போனால் அது வெறும் களைப்பில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் போக வேண்டுமென்றால் ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையும் அயனாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. "கீழ்ப்பாக்கம்" என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நைட் ஆஃப் கிடைக்கும் நாளில் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிட்டால் மதியத்துக்குள் வீடு திரும்பித் தூங்கலாம்.